மரியதாஸ் அங்கிளின் துவக்குக்கு ஒரு ரோச் லைற்

நான் இன்றுவரை ஒரு துவக்கைக் கையால் தொட்டதில்லை. ஆனால் துவக்கில் பூட்டுவதற்கு எந்த ரோச் லைற் நல்லது என்று யாராவது கேட்டால் ஒரு மணித்தியாலம் மூச்சு விடாமல் விளக்கம் சொல்வேன். (கேட்காவிட்டாலும் சொல்வேன். எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்து மாட்டியவர்கள் சாட்சி.) துவக்கு என்று நான் சொல்வது ரைபிளை. எங்கள் ஊர்ப் பேச்சில் சுடுகிற சாமான் எல்லாமே துவக்குத்தான்.

இந்த அறிவு எனக்கு வேட்டையால் வந்ததல்ல, காதலால் வந்தது. காதலிக்கிறவர்கள் உடம்பைக் குறைக்க ஓடுவார்கள், கிற்றார் பழகுவார்கள். நான் வெளிச்சத்தை அளக்கிற லூமன் கணக்குப் படித்தேன்.

ஆறேழு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது நானும் அம்மாவும் ஒன்ராறியோவில், டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மெண்டின் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். அனிற்றா ஒஷாவாக்காரி. இங்கேயே பிறந்தவள். அவளுடைய அப்பா மரியதாஸ் அங்கிள் தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கர், லிஃப்ற் திருத்துகிற வேலை. இலையுதிர் காலம் வந்தால் அங்கிளை வீட்டில் காணமுடியாது. வடக்கே டேவ் என்ற வெள்ளைக்காரரின் பண்ணைக்கு மான் வேட்டைக்குப் போய்விடுவார். வேட்டைச் சட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். எந்தத் திகதிக்கு எதைச் சுடலாம், எதைச் சுட்டால் உள்ளே போகவேண்டும் என்று செபம் சொல்வதுபோல் ஒப்பிப்பார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் பெண் கேட்க நான் தனியே போனேன். சுவரில் திரு இருதயப் படம், அதன் கீழே சின்னச் சிவப்பு லைற். மேசையில் மட்டன் ரோல்ஸ். நான் மூன்றாவது ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தபோது அங்கிள் கேட்டார்.

"தம்பி, நீர் சைவ சமயமெண்டது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. ஆனா நாளைக்கு என்ரை பிள்ளையை பூசை, விரதம் எண்டு இழுக்கக்கூடாது. உங்கடை வீட்டிலை உதெல்லாம் எப்பிடி?"

இந்த இடத்தில் ஒரு நேர்மையான ஆண்மகன் உண்மையைச் சொல்லியிருப்பான். எங்கள் வீட்டு நிலைமை என்னவென்றால், சமையலறையில் அரிசி வைக்கிற அலுமாரியைச் சாமிகள் பிடித்துவிட்டார்கள். அரிசி மூட்டை என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அம்மாவுக்கு வெள்ளி விரதம், சதுர்த்தி விரதம், பெயர் தெரியாத வேறு விரதங்கள். நானே வருடா வருடம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு கிடக்கிறவன்.

"சீச்சீ, எங்கடை வீட்டிலை உதொண்டும் பெரிசா இல்லை அங்கிள்" என்றேன்.

மேசைக்குக் கீழே அனிற்றா என் காலை மிதித்தாள். அவளுக்கு அரிசி மூட்டையின் கதை தெரியும்.

அங்கிள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாப்பம். யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். இதற்கு எங்கள் பாஷையில் 'இல்லை' என்று அர்த்தம். நான் ரோல்ஸைத் தட்டில் வைத்தேன். அனிற்றா இல்லாமல் ஒரு வாழ்க்கையை யோசித்துப் பார்க்கவே முடியவில்லை. அப்பா சம்மதிக்காமல் கட்டமாட்டேன் என்று அவள் முதலே சொல்லியிருந்தாள். ஆகவே எல்லாம் இந்த ஒரு மனிதரின் வாயில் இருந்தது. அவரைக் குளிரவைக்க ஏதாவது செய்தாக வேண்டும்.

வழியை அவரே காட்டினார். பேச்சை மாற்றுவதற்காகத் தன் துவக்கைப் பற்றி முறைப்பாடு சொல்லத் தொடங்கினார். டேவின் கோழிகளை ஒரு ஓநாய்நரி வந்து வந்து பிடிக்கிறதாம். அதைக் கவனிக்கும்படி டேவ் இவரைக் கேட்டிருக்கிறாராம். துவக்கில் கட்டியிருக்கும் லைற்றோ ஒரு வெடி வைத்ததும் அணைந்துவிடுகிறதாம்.

"அடுத்த வெடிக்கு நான் குருடன்" என்றார்.

"நான் வாங்கித் தாறன் அங்கிள். எனக்கு உதுகளிலை நல்ல அனுபவம்."

(என் அனுபவம்: கட்டிலுக்குக் கீழே போனைப் பிடித்து அரிசி அள்ளியது.)

"சரி, வாங்கியாரும். ஆனா ஒண்டு, புதுச் சாமான் எதையும் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் நான் பாவிக்கிறேல்லை. வெளியிலை நிக்கிற வான் வண்டியும் அப்பிடித்தான்."

நான் பெரிதாகத் தலையாட்டினேன். அந்த வசனத்தில் ஒரு கண்ணிவெடி புதைந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த மூன்று கிழமையும் வேலையால் வந்து யூரியூப் பார்த்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் ரோச் லைற்றைச் சேற்றில் புதைக்கிறார்கள், பிக்கப் ட்ரக்கால் ஏற்றுகிறார்கள், பிறகு அதைப் பெற்ற பிள்ளையைப்போல் தடவுகிறார்கள். நான் கொப்பியில் குறிப்பெடுத்தேன். வெடி வைக்கும்போது துவக்கு பின்னால் உதைக்கிறது. அந்த உதையில் பற்றரி ஒரு கணம் துள்ளுகிறது, தொடுப்பு விடுபடுகிறது, லைற் அணைகிறது. பற்றரிக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இருந்தால் துள்ளாது. அங்கிளின் லைற்றில் ஒரு பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று நான் அனிற்றாவுக்குப் போன் எடுத்து, "ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்!" என்று கத்தினேன்.

"சுதன், ஆர் யூ ஓகே?" என்றாள்.

வேட்டைச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்ற பொடியன் கேட்டான், "என்ன ரைபிளில் பூட்டப் போகிறீர்கள்?"

மூன்று கிழமை படித்தவனிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ரைபிளின் பெயரை நான் அங்கிளிடம் கேட்கவேயில்லை.

"நீளமானது" என்றேன்.

"எதை வேட்டையாடுகிறீர்கள்?"

அனிற்றாவின் அப்பாவின் சம்மதத்தை என்று சொல்ல ஆங்கிலம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அவனே ஒன்றை எடுத்துத் தந்தான். அலுமினிய உடம்பு, ஆயிரத்துச் சொச்சம் லூமன், தண்ணீர் போகாது, இரண்டு பக்கமும் ஸ்பிரிங், கண்ணாடிக்கு மேலே திறந்து மூடுகிற றப்பர் மூடி. எந்தக் குழாயிலும் இறுக்கிப் பூட்டக்கூடிய வளையமும் கூடவே வந்தது. "கனநேரம் எரிந்தால் முன்கண்ணாடி சுடும், கை வைக்காதீர்கள்" என்றும் சொல்லிவிட்டான்.

பெட்டியில் 'உறுதியானது' என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தால் போதுமா? இதை நம்பி என் காதலை ஒப்படைக்க வேண்டும். நானே பரிசோதித்தேன். முதலில் சமையலறைத் தட்டிலிருந்து இருபது தரம் கீழே போட்டேன். பன்னிரண்டாவது தரம் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடித்தார். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்தேன். பிறகு துவக்கின் உதை எப்படியிருக்கும் என்று பார்ப்பதற்காக ஒரு தடித்த சொக்ஸுக்குள் போட்டுக் கட்டி, நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புக் காயவைக்கிற மெஷினுக்குள் இரண்டு துவாயோடு சுழலவிட்டேன். அது எழுப்பிய சத்தத்துக்குக் கட்டடப் பொறுப்பாளர் ஓடிவந்தார். உள்ளே என்ன என்று கேட்டார். "லைற்" என்றேன். கதவைத் திறந்தார். சொக்ஸ் உள்ளிருந்து பிரகாசித்தது. அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனார். (அதன்பிறகு நான் இருக்கும் லிஃப்ற்றில் அவர் ஏறுவதில்லை.)

கடைசிச் சோதனை குளிர். ஒன்ராறியோக் குளிரில் பற்றரி படுக்கக்கூடாது அல்லவா? ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அடுத்த நாள் அம்மாவின் குரல் கேட்டது.

"டேய் தம்பி, பாரை மீனுக்குப் பக்கத்திலை உது என்னடா? உதையும் குழம்பு வைக்கவோ?"

"ஐயோ அம்மா, அது அனிற்றாவின்ரை அப்பாவுக்கு. துவக்கிலை பூட்டிற லைற்."

அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அனிற்றாவை அம்மாவுக்கு நல்ல விருப்பம். வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, பிள்ளை என்று ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சம்பந்தம் சரிவரவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்ததும் எனக்குத் தெரியும்.

"அந்த மனிசன் என்ன மாதிரி? இறங்கி வாறாரோ?"

"தெரியேல்லை அம்மா. ஆனா ஆள் பக்தி. புதுச் சாமானைக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் பாவிக்கவே மாட்டாராம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியே, நல்ல மனிசன்" என்றார்.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் சைவர் போவதும் கோயில், கத்தோலிக்கர் போவதும் கோயில். மாதா கோயிலுக்குப் போகிறவரும் "கோயிலுக்குப் போட்டு வாறன்" என்றுதான் சொல்லுவார். அங்கிள் சொன்னது பூசை முடிந்தபின் ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்து வாங்குகிற கோயில். அம்மாவுக்குக் கேட்டது றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில். நான் எந்தக் கோயில் என்று சொல்லவில்லை. அம்மா எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை அது கேட்கிற கேள்வியே இல்லை.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்தபோது பெட்டி பூப்போட்ட கடதாசியில் அழகாகச் சுற்றப்பட்டு மேசையில் இருந்தது. "வெறும் பெட்டியாக் குடுக்கக்கூடாது, அதுதான் சுத்தினனான்" என்றார் அம்மா. எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கடதாசியைப் பிரித்து, லைற்றின் மூடியைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் அங்கிள், அனிற்றா, நான் மூவரும் அங்கிளின் வானில் டேவின் பண்ணைக்குப் போனோம். வைக்கோல் வைக்கிற பெரிய மரக்கொட்டகை. அங்கிள் துவக்கை வெளியே எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்பதை எங்கள் ஒவ்வொருவருக்கும் திறந்து காட்டினார். பிறகு கடதாசியைக் கிழித்தார். றப்பர் மூடியோடு லைற்றைக் கையில் வைத்து எடை பார்த்தார். நான் ஸ்பிரிங் பற்றிய என் சொற்பொழிவைத் தொடங்கினேன். அவர் முகத்தில் முதல் தடவையாக மரியாதை போல ஒன்று தெரிந்தது.

"ஓமோ? ரெண்டு பக்கமுமோ? அதுதானே பாத்தன், வெடியோடை லைற் ஏன் நூருதெண்டு. பரவாயில்லை, நல்லாத்தான் படிச்சிருக்கிறீர்."

எனக்கு நெஞ்சு விரிந்தது. அனிற்றா என் விரலை ரகசியமாகப் பிடித்தாள். அங்கிள் வளையத்தை இறுக்கி லைற்றைப் பூட்டினார்.

"நாளைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோவன். அதுக்கு முதல் ஒருக்கா எரிச்சுப் பாப்பம். வேலை செய்யாத சாமானை மந்திரிக்கச் சொல்லி ஏன் ஃபாதரைக் கரைச்சல் படுத்துவான்?"

ஃபாதர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் எங்கோ ஒரு சின்ன மணி அடித்தது. ஆனால் நான் அப்போது மாப்பிள்ளைக் கோலத்தில் மிதந்துகொண்டிருந்தேன். டேவ் கொட்டகைக் கதவைச் சாத்தினார். உள்ளே கும்மிருட்டு. அங்கிள் துவக்கை எதிர்ச் சுவரை நோக்கிப் பிடித்து, றப்பர் மூடியைத் தட்டிவிட்டு, பொத்தானை அமுக்கினார்.

சுவரில் ஒரு பிரமாண்டமான ஒளிவட்டம் விழுந்தது. அதன் குறுக்கே, இடமிருந்து வலமாக, மூன்று கறுப்புக் கோடுகள். நடுவிலே வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு.

டேவின் கொட்டகைச் சுவர் திருநீறு பூசி, பொட்டு வைத்து, எங்களைப் பார்த்தது.

டேவ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அருமை! அந்த மூன்று கோடும் தூரத்தை அளக்கவா?"

அங்கிள் துவக்கை மெதுவாக மேலே அசைத்தார். திருநீறு முகட்டுக்கு ஏறியது. கீழே இறக்கினார். ஒரு கோழி திருநீற்றுக் குறிக்குள் அகப்பட்டு, கொக்கரித்துக்கொண்டு ஓடியது. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியின் நடுவிலிருந்து மெல்லிய புகை எழும்பியது. ஆயிரத்துச் சொச்சம் லூமன் சூட்டில், ஐயர் அப்பிய சந்தனம் கருகிக்கொண்டிருந்தது. கொட்டகை முழுவதும் சந்தன வாசம்.

அங்கிள் மூக்கை உறிஞ்சினார். லைற்றை நிறுத்தினார். டேவ் கதவைத் திறந்ததும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ன?"

"அது… புது மொடல் அங்கிள். கடையிலை அப்பிடித்தான் வரும்."

(ஆம், சொன்னேன். என்னைப் படைத்தவர் சாட்சியாக இதைத்தான் சொன்னேன்.)

"கடையிலை திருநீறு பூசியோ விக்கிறாங்கள்?"

அனிற்றா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பதறினேன். பிறகுதான் அது வேறு என்று தெரிந்தது.

"கொம்மாவுக்குப் போன் எடும்" என்றார் அங்கிள். "ஸ்பீக்கரிலை போடும்."

போட்டேன். அவசரத்தில் முதலில் பல் வைத்தியருக்குப் போனது.

"தங்கச்சி, நான் மரியதாஸ் கதைக்கிறன். உந்த லைற்றுக்குத் திருநீறு பூசினது ஆர்?"

"ஐயர்தான் அண்ணை!" அம்மாவின் குரலில் அப்படியொரு சந்தோஷம். "நீங்கள் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் ஒண்டும் பாவிக்கமாட்டியளாமெண்டு தம்பி சொன்னவன். ஒஷாவாவிலையிருந்து உங்களுக்கேன் அலைச்சலெண்டு நானே பஸ் மாறி மாறிப் போய் பிள்ளையாரிட்டைச் செய்விச்சனான். கார்ப் பூசை வரிசையிலைதான் நிண்டனான். ஐயர் கார் எங்கையெண்டு கேட்டார். லைற் மட்டும்தான் இப்ப வந்ததெண்டு சொன்னன்."

டேவ், என்ன நடக்கிறது என்று கண்ணால் கேட்டார். ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

"எனக்கும் வெள்ளி விரதம், எல்லாம் சரியா வந்தது. இவன் தம்பியும் சின்னனிலையிருந்து கந்தசட்டி பிடிக்கிறவன். உங்களுக்குச் சொல்லியிருப்பானே?"

அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லைத் தங்கச்சி. சொல்லேல்லை."

"கூச்சப்பட்டிருப்பான். அர்ச்சனை உங்கடை பேரிலைதான் அண்ணை. மரியதாஸ் எண்டு சொல்ல ஐயர் ஒருக்கா நிமிந்து பாத்தார், ஆனா செய்தவர். நட்சத்திரம் கேட்டார். உங்கடை எனக்குத் தெரியாதே, அதாலை தம்பியின்ரையைக் குடுத்திட்டன். சதயம், கும்ப ராசி. குறையொண்டுமில்லை அண்ணை, நல்ல நட்சத்திரம்."

அங்கிள் "சரி தங்கச்சி, நன்றி" என்று சொல்லிப் போனை என்னிடம் தந்தார். ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். துவக்கு மடியில், திருநீறு என் பக்கம். நான் முடிந்தேன் என்று நினைத்தேன். அனிற்றாவை இழந்துவிட்டேன், அதுவும் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்து இழந்துவிட்டேன்.

அங்கிள் றப்பர் மூடியைக் கண்ணாடிமேல் சாத்திவிட்டுப் பேசினார்.

"எனக்கெண்டு ஒரு நாள் மினக்கெட்டு வரிசையிலை நிண்டிருக்கிறா கொம்மா. என்ரை கூடப்பிறந்ததுகள் ஒண்டும் என்ரை பேருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினதில்லை. அவவிலை ஒரு பிழையும் இல்லை. நீர் ஏன் ஐசே பொய் சொன்னனீர்?"

"பயத்திலை அங்கிள்."

"எனக்கோ, துவக்குக்கோ?"

"ரெண்டுக்கும்."

"சாமி கும்பிடுறவனுக்கு நான் என்ரை பிள்ளையைத் தருவன். கும்பிட்டுக்கொண்டு இல்லையெண்டு சொல்லுறவனை எப்பிடி நம்பிறது?"

வெட்கத்தில் காது சுட்டது. இன்றைக்கு நினைத்தாலும் சுடுகிறது. அந்தப் பொய்யை நான் அம்மாவையும் சேர்த்து மறைத்தல்லவா சொல்லியிருக்கிறேன்!

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள். இனிச் சொல்லமாட்டன்."

அவர் எழும்பி வைக்கோலைத் தட்டினார். "இனி உந்தக் கலியாணக் கதையை நானும் கொம்மாவும் கதைச்சுக்கொள்ளுவம். நீர் வாயே திறக்கக்கூடாது, விளங்குதோ?"

கலியாணக் கதை என்ற சொல்லைப் புரிந்துகொள்ள எனக்குச் சில விநாடி பிடித்தது. அனிற்றாவுக்கு அந்த விநாடிகூடத் தேவைப்படவில்லை. அவள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். டேவ், இந்த லைற்றை எங்கே வாங்கலாம் என்று மறுபடி கேட்டார். அங்கிள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "ஸ்பெஷல் ஓர்டர். றிச்மண்ட் ஹில்" என்றார்.

சொன்னபடியே எல்லாவற்றையும் அவரும் அம்மாவும்தான் தீர்மானித்தார்கள். முதல் நாள் அவருடைய கோயிலில் கலியாணம், அடுத்த நாள் அம்மாவின் கோயிலில். என் கலியாணக் கோட்டின் நிறத்தைக்கூட என்னிடம் கேட்கவில்லை.

அம்மா தொடங்கிய அர்ச்சனையை இடையில் நிறுத்தவில்லை. மாதாமாதம் என் பெயருக்கு ஒன்று, இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட அங்கிளின் பெயருக்கு ஒன்று, இரண்டுக்கும் அதே சதயம். பிறகு ஒரு நாள் மாமாவுக்குப் போன் எடுத்து, "அண்ணை, சதயத்துக்கு ஏழரைச் சனி நடக்குது, கவனமா இருங்கோ" என்றார். மாமா சிரித்தார். தான் அதையெல்லாம் நம்புவதில்லை என்றார். ஒரு கிழமைக்குள் அவருடைய வான் நடுத்தெருவில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் கூரை ஒழுகினாலும் ஹீற்றர் பழுதானாலும் எனக்குத்தான் போன் வரும். "ஹலோ, உம்மடை சனி இன்னும் முடியேல்லையோ? இஞ்சை நான் அனுபவிக்கிறன்."

போன மாரிக் குளிரில் வீட்டு வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மாமாவின் கால் முறிந்தது. நாங்கள் எல்லோரும் ஒஷாவாவுக்கு ஓடினோம். மாமா மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சோபாவில் கிடந்தார். அவருக்காகச் செபிக்கப் பங்கு ஃபாதர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஃபாதர், விழுந்தது நான், ஆனா சனி உவருக்குத்தான்" என்று மாமா என்னைக் காட்டினார். "பழுதை அடியிலையிருந்து திருத்தவேணும். செபத்தை உவருக்குச் சொல்லுங்கோ."

ஃபாதரும் சிரிக்காமல் என்னை முழங்காலில் நிற்கச் சொல்லி, தலையில் கை வைத்து, நீளமாகச் செபித்தார். முடிவில் எல்லோரும் "ஆமென்" என்றார்கள். அம்மா கண்ணை மூடியபடி, கை இரண்டையும் தலைக்குமேல் கூப்பி, "அரோகரா" என்றார்.

இப்போது ஒஷாவா வீட்டில் சாப்பாட்டுக்கு முன் செபம் இரண்டு சொல்லோடுதான் முடிகிறது. இரண்டாவது சொல்லை எல்லோரையும்விடப் பலமாகச் சொல்கிறவர் மாமா.